தூரத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டில்

நியூசிலாந்தின் தென் தீவில், வடக்கு விளிம்பில், டாஸ்மன் விரிகுடாவைப் பார்த்தபடி நெல்சன் என்றொரு சிறு நகரம். அங்கே வைமீயா சாலையில் ஒரு பள்ளி. பெயர் நெல்சன் காலேஜ் என்றாலும் பதின்ம வயதுப் பையன்கள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிதான் அது. 1856 ஏப்ரல் 7 அன்று டிராஃபால்கர் தெருவில் எட்டு மாணவர்களோடு தொடங்கியது. 1861இல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. அந்த நாட்டின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இதுவே மூத்தது. பள்ளிக்குச் சொந்தமாக இரண்டு விடுதிகள்: ரதர்ஃபோர்ட் இல்லம், பார்னிகோட் இல்லம்.

உறைவிடப் பள்ளி என்றால் நம் மனம் உடனே ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்விடுகிறது. குளிர், கோட்டு, லட்சங்களில் கட்டணம். அரசுப் பள்ளி என்றால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துபோகிற தூரத்தில் இருப்பது. அரசு மாணவர் விடுதிகள் நம்மிடமும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவை பள்ளியை விட்டுத் தள்ளி, வேறொரு துறையின் கீழ் இருப்பவை. பழம்பெருமை கொண்ட ஒரு பள்ளி, அரசுப் பள்ளியாகவும் விடுதிப் பள்ளியாகவும் ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பது எப்படி? இந்தக் கேள்வியைக் கொஞ்ச காலம் மனத்தில் வைத்திருந்தேன். அதையொட்டி எழுதிவைத்தவை இவை.

*

வரைபடத்தை விரித்தால் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

நெல்சனைச் சுற்றி மலைகள். கிழக்கே வங்கமோவா குன்றுகள். அவற்றைத் தாண்டினால் மார்ல்பரோ சவுண்ட்ஸ். ஒரு காலத்தில் பள்ளத்தாக்குகளாக இருந்தவை கடலில் மூழ்கியதால் உண்டான நீர்வழிகள் அங்கே நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டிவைத்திருக்கின்றன. கரையோர வீடுகள் சிலவற்றுக்குப் படகில் மட்டுமே போக முடியும். ஹேவ்லாக் என்ற ஊரிலிருந்து இன்றும் தபால் படகு புறப்படுகிறது. மேற்கே டாகாகா மலை. அதற்கு அப்பால் கோல்டன் பே. அங்கிருந்து வெளியே வர அந்த மலை மேல் ஏறி இறங்கும் ஒரே ஒரு சாலை.

ரயிலும் வந்தது. 1876இல் நெல்சனிலிருந்து பாதை ஓடத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நீண்டது. ஆனால் நாட்டின் மற்ற ரயில் பாதைகளோடு அது ஒருநாளும் சேரவில்லை. 1955இல் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்க்க ஆட்கள் வந்தபோது கிவி என்ற சின்ன ஸ்டேஷனில் பெண்கள் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். கைதானார்கள். தண்டவாளமும் போயிற்று.

இந்த மாதிரி நிலத்தில் பள்ளிக்கூடம் கட்டினால் மட்டும் போதாது. கட்டிலும் போட வேண்டும்.

*

நெல்சன் தானாக வளர்ந்த ஊர் இல்லை. லண்டனில் உட்கார்ந்து திட்டமிட்ட ஊர். குடியேற்றத்தை நடத்திய நியூசிலாந்து கம்பெனி 1841இல் வெளியிட்ட திட்டத்தில் நிலம் விற்று வரும் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பொதுக் காரியங்களுக்கு 50,000 பவுண்டு. அதில் மதக் காரியங்களுக்கு 15,000. ஒரு கல்லூரிக்கு 15,000. நீராவிக் கப்பல் போக்குவரத்தை ஊக்குவிக்க 20,000.

வீடு ஒன்றுகூட எழும்பாத ஊருக்குக் கல்லூரிப் பணம் ஒதுக்கினார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்திருந்தது. பள்ளியும் கப்பலும் ஒரே பட்டியலில், அடுத்தடுத்த வரியில். படிப்பையும் போக்குவரத்தையும் பின்னாளில் நாம் இரண்டு இலாகாக்களாகப் பிரித்துவிட்டோம். வாய்க்கால் உடைந்து பாதை அறுந்தால் மறுநாள் வகுப்பில் யார் யார் இல்லை என்று எந்த வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வார். பள்ளியும் பாதையும் ஒரே கணக்கில் வருபவை என்பது அவருக்குத் தெரியும்.

*

பார்னிகோட் இல்லத்துக்குப் பெயர் தந்த ஜான் வாலிஸ் பார்னிகோட் ஒரு நில அளவையாளர். 1842இல் கப்பலேறி வந்தவர். அவரும் அவரைப் போன்றவர்களும் அளந்த நிலம் ஏற்கெனவே வேறு சிலருடையது.

பூர்வகுடிகளான மாவோரி மக்களிடமிருந்து வாங்கியதாகக் கொண்ட நிலத்தில் பத்தில் ஒரு பங்கை அவர்களுக்கென்றே வைத்துவிட வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. 1845இல் ஏற்கப்பட்ட நிலம் 1,51,000 ஏக்கர். பத்தில் ஒன்று 15,100 ஏக்கர். உண்மையில் ஒதுக்கியது ஏறக்குறைய 5,100 ஏக்கர். மீதி எங்கே என்ற வழக்கு தலைமுறைகளைக் கடந்து வந்தது. 2017இல்தான் நியூசிலாந்து உச்ச நீதிமன்றம், அந்த நில உடைமையாளர்களின் நலனைக் காக்கும் கடமை அரசுக்கு இருந்தது என்று தீர்ப்புச் சொன்னது.

கல்லூரிப் பணம் இந்த நில விற்பனையிலிருந்து வந்ததுதான். பள்ளியின் தோற்றத்தைப் பேசும்போது இதை விட்டுவிட்டு மேலே போக முடியவில்லை. மலைக்கு அப்பால் இருந்த குடியேறிகளின் பிள்ளை வந்து தங்க ஒரு ஏற்பாடு. அதே நேரத்தில், பக்கத்திலேயே இருந்தவர்களின் பங்கு காகிதத்தோடு நின்றுவிடுகிறது. தொலைவு என்பது மைலில் மட்டும் வருவதில்லை. ஒரு கையெழுத்தினாலும் வரும்.

*

ரதர்ஃபோர்டை நாம் இயற்பியல் புத்தகத்தில் சந்தித்திருக்கிறோம். தங்கத் தகடு, ஆல்பா துகள், அணுவின் நடுவே உட்கரு. அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு விடுதி மாணவன் இருந்தான் என்று எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை.

எர்னஸ்ட் ரதர்ஃபோர்ட் 1871இல் நெல்சனுக்கு அருகே பிரைட்வாட்டரில் பிறந்தவன். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. அம்மா மார்த்தா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அப்பா ஜேம்ஸ் பல வேலைகள் பார்த்து, பிறகு குடும்பத்தோடு ஹேவ்லாக்குக்குப் போய் ஹரகேகே என்ற செடியிலிருந்து நார் எடுக்கும் ஆலை நடத்தினார். ஹேவ்லாக்கில் தொடக்கப் பள்ளி இருந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டும் என்றால் குன்றுகளைத் தாண்டி நெல்சன். இன்று காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அன்று அது வேறு ஊர், வேறு செலவு, வேறு வாழ்க்கை.

மார்ல்பரோ மாவட்டப் பையன் ஒருவன் நெல்சன் காலேஜில் படிக்கக் கிடைத்தது ஒரே ஒரு உதவித்தொகை. அதற்கான தேர்வை எர்னஸ்ட் எழுதினான், கிடைக்கவில்லை. மறுபடி எழுதினான். 600க்கு 580. 1887இல், பதினைந்து வயதில், விடுதியில் சேர்ந்தான்.

இடையில் வீட்டில் ஒன்று நடந்திருந்தது. 1886இல் அவனுடைய தம்பிகள் ஹெர்பர்ட், சார்லஸ் இருவரும் கடலில் மூழ்கிப்போனார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இன்னொரு பிள்ளை பெட்டியோடு வாசலில் நின்றான். அந்தத் தாய் அப்போது என்ன நினைத்திருப்பார் என்று எழுத எனக்குத் துணிவில்லை. அனுப்பிவைத்தார்; அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

*

ஒரே ஒரு உதவித்தொகை என்பதில் மனம் நின்றுவிட்டது.

முதல் முறை எர்னஸ்டுக்குக் கிடைக்காததை வேறொரு பையன் வாங்கியிருப்பான். இரண்டாம் முறை எர்னஸ்டுக்குக் கிடைத்ததால் வேறொருவனுக்குக் கிடைக்காமல் போயிருக்கும். இரண்டாவதாக வந்தவன் ஆலையிலோ மரம் வெட்டும் இடத்திலோ பண்ணையிலோ வாழ்ந்து முடித்திருக்கலாம். குறைந்த வாழ்க்கை என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அது அவன் தேர்ந்தெடுத்த வாழ்க்கையா?

ரதர்ஃபோர்டின் கதையைத் திறமை எப்படியும் வென்றுவிடும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தேதிகளை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நெல்சன் உதவித்தொகை இரண்டாம் முறையில்தான் வந்தது. பல்கலைக்கழக உதவித்தொகை நாடு முழுவதற்கும் பத்து. அதுவும் இரண்டாம் முறையில்தான். 1895இல் இங்கிலாந்துக்குப் போக வழி செய்த உதவித்தொகை முதலில் இன்னொருவருக்கே போயிற்று. அவர் வேண்டாம் என்ற பிறகு இவருக்கு வந்தது. மூன்று கதவுகளும் முதல் தட்டில் திறக்கவில்லை. மறுமுறை தட்ட அனுமதி இருந்தது, மறுமுறை தட்டும் வரை வீடு பொறுத்துக்கொண்டது. திறமையைப் போலவே இவையும் அந்தக் கதைக்குள் இருக்கின்றன.

*

விடுதியின் நாள் காலையில் தொடங்குவதாகத் தோன்றும். உண்மையில் அது பள்ளி விட்ட பிறகுதான் தொடங்குகிறது. உள்ளூர்ப் பையன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் வளாகம் சட்டென்று பெரிதாகிவிடும். இருக்கிறவர்களுக்கு அது பள்ளியும் அல்ல, வீடும் அல்ல. ஆட்டம், குளியல், இரவு உணவு, பிறகு எல்லோரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாக வேண்டிய படிப்பு நேரம். துணிகளில் பெயர் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சலவையில் காலுறை யாருடையது என்று தெரியாது. சேறு படிந்த பூட்ஸுகளைக் காயவைக்க ஓரிடம். வளர்கிற வயதின் பசிக்கு எந்நேரமும் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் கடினமானது. அப்போது செய்ய எதுவும் இருக்காது, வீடு நினைவுக்கு வரும்.

பதின்மூன்று வயதில் தன் அழுகையைப் பிறர் தூக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் அழக் கற்றுக்கொள்கிறான் ஒருவன். அடுத்த கட்டிலில் அதே சத்தம் கேட்டால் கேட்காததுபோல் இருக்கவும் கற்றுக்கொள்கிறான். இரண்டாவதை மரியாதை என்று சொல்லலாமா, கூச்சம் என்று சொல்லலாமா? இரண்டும்தான் போலிருக்கிறது.

அந்தக் கூடுதல் நேரம் வேறொன்றையும் தருகிறது. ரதர்ஃபோர்டுக்கு நெல்சனில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவர் வில்லியம் லிட்டில்ஜான். வகுப்பு முடிந்த பிறகும் இருவரும் தெருவில் பேசிக்கொண்டே நடப்பார்களாம். லிட்டில்ஜான் நின்று தெருப் புழுதியில் படம் வரைந்து காட்டுவாராம். வீட்டுக்கு ஓட வேண்டிய பையனுக்கு இது வாய்த்திருக்காது. விடுதி பையனிடமிருந்து மாலை நேரத்தின் வீட்டை எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் எதை வைக்கிறது என்பது அங்கே இருக்கும் பெரியவர்களைப் பொறுத்தது. லிட்டில்ஜான் இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் நீண்ட மாலை மட்டும்தான்.

*

எர்னஸ்ட் விடுதியில் இருந்தபோதே, 1888இல், குடும்பம் ஹேவ்லாக்கை விட்டு வடக்குத் தீவில் டாரனாகிப் பகுதியின் புங்கரேஹுவுக்குக் குடிபெயர்ந்தது. இனி வீட்டுக்குப் போவது என்றால் குன்று மட்டும் இல்லை, கடலும் தாண்ட வேண்டும். போய்ச் சேர்வது அவன் வளர்ந்த வீடாகவும் இருக்காது. விடுதிக்குப் போன பிள்ளைக்கு வீடு அப்படியே காத்திருக்கும் என்று நினைக்கிறோம். வீடும் தன் பாட்டுக்கு நகர்கிறது.

பிற்காலத்தில் மான்ட்ரியல், மான்செஸ்டர், கேம்பிரிட்ஜ் என்று எங்கே இருந்தாலும் அவர் அம்மாவுக்குத் தவறாமல் கடிதம் எழுதினார். 1935இல் மார்த்தா இறக்கும் வரை. 1931இல் பிரபுப் பட்டம் வந்தபோது தன் பட்டப் பெயரில் நெல்சன் என்ற ஊரைச் சேர்த்துக்கொண்டார். அம்மாவுக்குத் தந்தி அடித்தார். இந்தக் கௌரவம் என்னுடையதைவிட உங்களுடையது என்பது அதன் சாரம்.

தூரத்திலிருந்து ஒருவரோடு உறவாக இருப்பது ஒரு பழக்கம். பழகாதவர்களுக்கு அது வராது. அவர் அதைப் பதினைந்து வயதில் பழகியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இப்போது பையன்கள் படுக்கையிலிருந்தே வீட்டுக்கு வீடியோவில் பேசிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் வாரம் முழுவதும் நடந்ததில் எதை அம்மாவுக்குச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்து ஒரு பக்கத்தில் அடக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. தன் வாழ்க்கையைத் தானே படித்துப் பார்க்கும் முதல் பயிற்சி அதுவாகத்தான் பலருக்கு இருந்தது.

*

1870 மே 14. நெல்சனின் பொட்டானிக்ஸ் மைதானத்தில் ஊர் அணியும் நெல்சன் காலேஜ் பையன்களும் மோதினார்கள். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய சார்லஸ் மன்ரோ என்ற இளைஞர் கொண்டுவந்த புது விதிகளின்படி ஆட்டம். நியூசிலாந்தின் முதல் ரக்பி ஆட்டம் அது என்கிறார்கள். ஊர் அணி இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றது. ஒரு தேசம் தன் அடையாளமாக்கிக்கொண்ட விளையாட்டு, பள்ளிப் பையன்களின் தோல்வியில் தொடங்கியிருக்கிறது. ரதர்ஃபோர்டும் பின்னர் பள்ளி அணியில் ஆடினார்.

அந்த மைதானத்துக்கு மேலே உள்ள குன்றின் உச்சியில் ‘நியூசிலாந்தின் மையம்’ என்று ஒரு சின்னம் நிற்கிறது. பழைய நில அளவைக்கு மையப் புள்ளியாக இருந்த இடம். 1962இல் கணக்கிட்டுப் பார்த்தபோது உண்மையான புவியியல் மையம் அதுவல்ல, தென்மேற்கே வெகு தூரம் தள்ளி ஸ்பூனர்ஸ் மலைத்தொடரில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது என்று தெரிந்தது. மக்கள் இன்னும் இந்தக் குன்றில்தான் ஏறுகிறார்கள். மையம் எது என்பதை மக்களின் கால்கள் தீர்மானிக்கின்றன. மலைக்கு அப்பாலிருந்து பிள்ளைகள் வந்து சேர்கிற இடமும் அப்படித்தான் மையமாகிறது.

*

இந்தப் பள்ளியின் கட்டடம் இரண்டு முறை போய்விட்டது. 1904 டிசம்பரில் தீ. மரத்தால் கட்டிய பழைய கட்டடம் எரிந்துபோயிற்று. 1929 ஜூன் 17 அன்று காலையில் மர்ச்சிசன் நிலநடுக்கம். பதினேழு பேரைக் கொன்றது. மர்ச்சிசனிலிருந்து வெகு தூரத்தில் இருந்த நெல்சனில் பள்ளியின் முதன்மைக் கட்டடமும் அதன் கோபுரமும் சிதைந்தன. இப்போதுள்ள முதன்மைக் கட்டடம் 1940களைச் சேர்ந்தது.

ஆக, நாட்டிலேயே பழைய பள்ளி என்று சொல்லும்போது எதைப் பழையது என்கிறோம்? சுவர் பழையதல்ல. ஆசிரியர்கள் மாறினார்கள். பையன்களோ ஐந்து ஆண்டுக்கு மேல் தங்குவதில்லை. ஒன்றரை நூற்றாண்டாக அந்த வளாகத்தில் பையன்களுக்கு வயது ஏறவே இல்லை. மாறாதது ஒரு சிறிய ஒப்பந்தம்தான்: உங்கள் பிள்ளையை அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகச் சொல்கிறது. ஒவ்வொரு குடும்பமும் புதிதாக நம்ப வேண்டியிருக்கிறது.

*

பையன்களுக்குப் பள்ளி திறந்து இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1883இல், பெண்களுக்கென்று நெல்சன் காலேஜ் திறந்தது. முதல் தலைமை ஆசிரியை கேட் எட்ஜர். 1877இல் பட்டம் பெற்றவர். நியூசிலாந்தில் பட்டம் பெற்ற முதல் பெண்.

மார்த்தா ரதர்ஃபோர்ட் இளமையில் ஆசிரியையாக இருந்தவர் என்று முன்பே எழுதினேன். பிள்ளைகளுக்கு முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுத்த கைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று 1841இன் கணக்கில் யாரும் ஒரு வரி எழுதவில்லை. ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே வீட்டில் பிறந்தாலும் அக்காவுக்குப் பள்ளி தம்பியைவிட இருபத்தேழு ஆண்டு தூரத்தில் இருந்தது.

*

கோல்டன் பேயின் டாகாகாவில் வளர்ந்து நெல்சன் காலேஜில் படித்த ஒருவர் லெனர்ட் டிரென்ட். இரண்டாம் உலகப் போரில் விமானி. 1943 மே 3 அன்று ஆம்ஸ்டர்டாம் மீதான தாக்குதலில் விமானம் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். போர் முடிந்தபின் விக்டோரியா கிராஸ் வழங்கினார்கள். பள்ளிகள் இப்படிப்பட்ட பெயர்களைச் சுவரில் எழுதிவைக்கும். கூடவே, பதக்கம் வாங்காமல் செத்தவர்களின் நீளமான பட்டியலையும். மலை தாண்டி வந்த பையன்களை அதைவிடத் தொலைவுக்கு அனுப்பியதும் இதே அரசுதான்.

டாகாகா மலைச் சாலை 2018 பிப்ரவரியில் கீட்டா புயலின்போது மண்சரிவுகளால் அறுந்தது. கோல்டன் பேக்குப் பொருள்கள் கடல் வழியாகப் போக வேண்டியிருந்தது. 1841இன் பட்டியலில் கப்பலைப் பற்றி இருந்த வரி இன்னும் காலாவதியாகவில்லை.

*

விடுதியைப் பற்றி இதமாகவே எழுதிக்கொண்டு போக எனக்குத் தயக்கம்.

தூரத்தில் இருக்கும் பிள்ளையால் ‘அம்மாவிடம் சொல்கிறேன்’ என்று மிரட்ட முடியாது. அங்கே மூத்த மாணவன், காப்பாளர், பிரம்பு எல்லாவற்றுக்கும் வலு கூடுகிறது. உலகெங்கும் விடுதிப் பள்ளிகளின் கதைகளில் ஒரு பகுதி பல பத்தாண்டுகள் கழித்து, நரைத்த தலைகளோடு, விசாரணை அறைகளில்தான் சொல்லப்பட்டது. நியூசிலாந்துப் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி ஒழிந்தது 1990இல். விடுதிகளுக்கு உரிமம் வேண்டும், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இன்னின்ன செய்ய வேண்டும் என்ற ஒழுங்குமுறைகள் 2005இல் வந்தன. 1856இலிருந்து எண்ணிப் பார்த்தால் எவ்வளவு தாமதம்.

‘பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வாக்கைப் பெற்றோர் நம்பினால் போதாது. அதைச் சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் அவ்வப்போது வந்து, பையன்களோடு தனியாகப் பேசிவிட்டுப் போக வேண்டும். நம்பிக்கைக்கு அதனால் குறைவு வராது.

*

தொலைவுக்கு வேறொரு பதிலும் அந்த நாட்டில் உண்டு. 1922இல் தபால் வழிப் பள்ளி தொடங்கினார்கள். கலங்கரை விளக்கத்திலும், எட்டாத பண்ணையிலும் இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் உறையில் போகும். விடை உறையில் திரும்பும். இன்று அது தே குரா என்ற பெயரில் இணையத்தில் நடக்கிறது.

விடுதி பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருகிறது. தபால் பள்ளி பள்ளியைப் பிள்ளையிடம் கொண்டுபோகிறது. ஒன்றில் வீட்டை விட வேண்டும், மற்றதில் சேக்காளிகளை. பதினான்கு வயதில் எதை விடுவது சுலபம் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஓர் அரசு இரண்டு வழியையும் திறந்துவைத்திருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

*

ஒரே ஓர் உதவித்தொகை என்ற இடுக்கு வாசல் மெதுவாக அகன்றது. 1903இன் சட்டத்தால் உயர்நிலைப் பள்ளிகளில் இலவச இடங்கள் வந்தன. ஆனாலும் தேர்வு எழுதித்தான் நுழைய வேண்டும். தொடக்கப் பள்ளி முடிவில் வடிகட்டிய தகுதித் தேர்வை 1936இல் நீக்கினார்கள். கட்டாயக் கல்வி வயதை 1944இல் பதினைந்தாக உயர்த்தினார்கள். மார்ல்பரோவில் இரண்டாவதாக வந்த அந்தப் பையனின் பேரனுக்கு வகுப்பறையில் இடம் உறுதியாயிற்று.

ஆனால் வகுப்பறை இடம் வேறு, கட்டில் வேறு. இந்த மாதிரி அரசுப் பள்ளிகளில் படிப்பு இலவசம். விடுதிக்குக் கட்டணம் உண்டு. பள்ளியை எட்ட முடியாத குடும்பங்களுக்கு அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. அது முழுச் செலவுக்கும் போதாது. ஆக, அருகில் இருப்பவனுக்குச் சும்மா கிடைக்கிற அதே பாடத்தைத் தூரத்தில் இருப்பவன் இன்றும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறான். பாதையும் பள்ளியும் ஒரே பட்டியலில் இருந்தால் இந்தத் தொகை சாலைச் செலவைப் போலப் பொதுக் கணக்கில் போயிருக்கும். சாலை போட்டதற்குக் கடைசி வீட்டுக்காரனிடம் மட்டும் யாரும் பணம் கேட்பதில்லை.

எந்த அரசுப் பள்ளியையும் இப்போது இந்தக் கணக்கை வைத்தே பார்க்கத் தோன்றுகிறது, அது நெல்சனில் இருந்தாலும் நம் மலையடிவாரத்தில் இருந்தாலும். எத்தனை ஆண்டு பழையது, எந்தப் பெரிய மனிதர் படித்தார், கோப்பைகள் எத்தனை என்பதெல்லாம் வரவேற்பறையிலேயே தெரிந்துவிடும். அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: உங்கள் மாணவர்களில் மிகத் தூரத்திலிருந்து வருகிறவன் எந்த ஊர்க்காரன், அவன் இங்கே வந்து தங்க அவன் வீட்டில் எதை விற்க வேண்டியிருந்தது? எதையும் விற்கவில்லை என்ற பதில் வருகிற பள்ளிதான் பொதுப் பள்ளி.